என் இடத்தில் அவர் படுத்த ஞாயிற்றுக்கிழமை

எங்கள் சபையில், பெரிய வியாதியிலிருந்து பிழைத்தவர்கள் ஞாயிறு ஆராதனையில் மைக் முன்னால் நின்று, நடந்ததைச் சொல்லி நன்றி செலுத்துவார்கள். சாட்சி சொல்வது என்போம். என் வீட்டுக்காரர் சாமுவேல் மாரடைப்பு வந்து, பிழைத்து, வீட்டுக்கும் வந்துவிட்டார். என்னைச் சாட்சிக்குக் கூப்பிட்டுக்கொண்டே இருக்கிறார்கள். எனக்கு மைக்கைப் பார்த்தால் வாய் உலர்ந்துவிடும். அதைவிட, எங்கள் வீட்டுப் பெட்டியைப் பற்றி நாங்கள் இருக்கிற லிங்கராஜபுரத்தில் பரவியிருக்கிற கதை தப்பு. அதைச் சரிசெய்யத்தான் எழுதுகிறேன். எட்டாம் வகுப்போடு நின்றவள் நான். குற்றம் குறை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் நோயாளி ஆனது நான்தான். வீட்டிலேயே பிளவுஸ் தைக்கிறேன். மூன்று வருஷத்துக்கு முன்னால் ஒரு நாள், கழுத்துக்குப் பைப்பிங் வைத்துக்கொண்டிருந்தபோது மிஷின் மேலேயே சாய்ந்துவிட்டேன். கண் திறந்தபோது ஆஸ்பத்திரியில் இருந்தேன். நெஞ்சில் ஜெல்லி தடவி எக்கோ எடுத்தார்கள். இதயத்தின் சதை இளகி ஊதிப்போயிருக்கிறது, பாதிக்கும் குறைவாகத்தான் ரத்தத்தைத் தள்ளுகிறது, இப்படிப்பட்ட இதயம் திடீரென்று தாறுமாறாக ஓடும் என்றார் டாக்டர். இந்த முறை அந்த ஓட்டம் தானாக நின்றுவிட்டது, அடுத்த முறை நிற்காமல் போகலாம் என்றும் சொன்னார். அதனால் ஐ.சி.டி. வைத்தார்கள். தீப்பெட்டியைவிடச் சற்றுப் பெரிய ஒரு கருவி. இடது தோளுக்குக் கீழே, தோலுக்கு உள்ளே இருக்கிறது. அதிலிருந்து ஒரு ஒயர் இதயத்துக்குள் போகிறது. இதயம் தறிகெட்டு ஓடினால் உள்ளேயே ஷாக் கொடுத்து வழிக்குக் கொண்டுவரும். இன்றுவரை எனக்கு ஒரு ஷாக்கும் வந்ததில்லை. வந்திருந்தால் அது எப்படி இருக்கும் என்றாவது தெரிந்திருக்கும். வராததால் தினமும் அதற்காகவே காத்திருந்தேன்.

முதல் வருஷம் மூன்று மாதத்துக்கு ஒரு தடவை ஆஸ்பத்திரிக்குப் போய்க் கருவியைக் காட்டிவிட்டு வருவோம். டெக்னீஷியன் தீபா, கன்னடப் பெண், தமிழும் பேசுவாள். கம்ப்யூட்டர் மவுஸ் போல ஒன்றை என் தோளில் வைத்தால் போதும், என் இதயம் மூன்று மாதமாகச் செய்ததெல்லாம் திரையில் வந்துவிடும். அவள் அதைப் பார்ப்பாள், நான் அவள் முகத்தைப் பார்ப்பேன். "எல்லா சரியா இதெ அம்மா", அதாவது எல்லாம் சரியாக இருக்கிறது என்று அவள் சொல்லிவிட்டால் ஒரு வாரமாவது நிம்மதியாக இருப்பேன்.

இவரும் கூட வருவார். பேக்கரிக்கு வேன் ஓட்டுகிறவர், அன்றைக்கு லீவு போடுவார். டோக்கன் வாங்கிக்கொண்டு உட்கார்ந்தால் மதியம் ஆகிவிடும். கேன்டீன் வடையை ஆளுக்குப் பாதி தின்போம். ஒரு தடவை ஒரு நர்ஸ், "அங்கிள், சும்னே உக்காந்திருக்கீங்களே, கையை நீட்டுங்க பார்ப்போம்" என்று கன்னடம் கலந்து சொல்லி இவருக்கு பி.பி. பார்த்தாள். அதிகமாக இருந்தது. அன்றே மாத்திரை எழுதிக் கொடுத்தார்கள். அதற்குப் பிறகு நான் போகும்போதெல்லாம் இவர் கையையும் நீட்டச் சொல்வாள். அந்த நர்ஸை அப்போது நான் பெரிதாக நினைக்கவில்லை.

அடுத்த வருஷம் பெட்டி வந்தது. பழைய ரேடியோ சைஸில் வெள்ளையாக ஒன்று. தீபா உட்காரவைத்து விளக்கினாள்.

"இனிமே அடிக்கடி ஓடி வர வேண்டாம்மா. வருஷத்துக்கு ஒரு தடவை வந்தா சாக்கு, போதும். இதைக் கட்டில் பக்கத்துல வைங்க. நீங்க தூங்கறப்ப உங்க கருவிகிட்ட விஷயத்தைக் கேட்டு எங்களுக்கு அனுப்பிடும். நடுவுல ஏதாவது தோணுச்சுன்னா பக்கத்துல படுத்துட்டு பட்டனை அமுக்குங்க. எல்லா விளக்கும் பச்சை ஆச்சுன்னா எங்களுக்கு வந்துடுச்சுன்னு அர்த்தம். ஆனா இது அவசரத்துக்கு இல்ல, நாங்க ஆபீஸ் நேரத்துலதான் பார்ப்போம். ஏதாவது இருந்தா நாங்களே போன் பண்ணுவோம். போன் வரலைன்னா நல்லா இருக்கீங்கன்னு அர்த்தம்."

முன்னால் சொன்னதும் கடைசியில் சொன்னதும் மனதில் நின்றன. நடுவில் சொன்னது, அவசரத்துக்கு இல்லை என்றது, நிற்கவில்லை.

பெட்டி நல்லதுதான். லீவு மிச்சம், அலைச்சல் மிச்சம். ஆனால் என்னைப் போல பயப்படுகிறவளுக்குப் போன் வராததை வைத்துக்கொண்டு என்ன செய்வது? தீபாவின் முகம் இல்லை. அதனால் பட்டனை அமுக்கினேன். படபடப்பு வந்தால் அமுக்கினேன், வராவிட்டால் ஏன் வரவில்லை என்று அமுக்கினேன். ஒரு நாள் தீபாவே கூப்பிட்டாள்.

"அம்மா, ஏனாயித்து, என்னாச்சு? இந்த வாரம் இத்தனை தடவை அனுப்பியிருக்கீங்க."

"ஒண்ணும் இல்லம்மா, சும்மா பார்க்கலாம்னு."

"சும்மா அனுப்பாதீங்கம்மா. நிறைய பேரோடது வருது. நிஜமா முடியாதவங்களோடது பின்னாடி போயிடும்."

அதட்டவில்லை, நல்லவிதமாகத்தான் சொன்னாள். ஆனாலும் கூனிக் குறுகிப் போனேன். இது போதாதென்று, நெஞ்சு அடைக்கிறது என்று இரண்டு தடவை எமர்ஜென்சிக்கு ஆட்டோவில் ஓடியிருக்கிறேன். இரண்டு தடவையும் வெறும் வாயு, கேஸ் என்று அனுப்பிவிட்டார்கள். மகன் டேனியல் கல்யாணத்துக்குப் பிறகு ஒயிட்ஃபீல்டில் இருக்கிறான். போனில் கிண்டல் செய்வான். "நீ அமுக்கற அமுக்குக்கு எங்க ஆபீஸ் லிஃப்ட் பட்டனே தேஞ்சு போயிருக்கும்மா." பின்னால் மருமகள் சிரிக்கிற சத்தம் கேட்டது. இனிமேல் செத்தாலும் சத்தம் போடக்கூடாது என்று அன்றைக்கு முடிவு செய்தேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து வந்து மட்டன் பிரியாணி சாப்பிட்டோம். சாப்பிட்டு எழுந்தவர் நெஞ்சின் நடுவில் உள்ளங்கையை வைத்துத் தேய்த்துக்கொண்டே நின்றார்.

"என்னங்க?"

"ஒண்ணுமில்ல. கொழுப்புக்கறி. ஓமத்தண்ணி இருந்தா குடு."

கொடுத்தேன். ஏப்பம் விட்டார். தேய்ப்பதை நிறுத்தவில்லை. ஃபேன் ஓடிக்கொண்டிருக்கும்போதே நெற்றியில் வேர்வை பூத்திருந்தது.

"ஆஸ்பத்திரிக்குப் போலாமா?"

"ரோஸி, கேஸுக்கு ஆஸ்பத்திரிக்குப் போறது நீ. நான் இல்ல" என்று சிரித்தார்.

தமாஷாகத்தான் சொன்னார். ஆனால் வாசல்வரை போன என் கால் நின்றுவிட்டது. மூன்றாம் தடவையும் ஆட்டோ பிடித்து, மூன்றாம் தடவையும் கேஸ் என்று சொல்லி அனுப்பினால், டேனியல் என்ன சொல்வான் என்று யோசித்தேன். கட்டியவர் வேர்த்து நிற்கும்போது எனக்கு வந்த யோசனை அது.

அப்போதுதான் பெட்டி ஞாபகம் வந்தது. யாருக்கும் தொந்தரவில்லை, ஆட்டோ இல்லை, சிரிப்பும் இல்லை. ஆஸ்பத்திரிக்காரர்களே பார்த்துச் சொல்லட்டும்.

"இங்க வாங்க. என் இடத்துல படுங்க."

"உன் பெட்டிக்கு என்னைத் தெரியுமா?"

"இதயம்தானே. எல்லாருக்கும் ஒண்ணுதான்."

அவர் கேட்ட கேள்வியை இப்போதும் நினைத்துப் பார்க்கிறேன். அதிகம் படிக்காத இரண்டு பேரில் அவருக்கு அந்தச் சந்தேகம் வந்தது, எனக்கு வரவில்லை. மறுபேச்சுப் பேசாமல் சட்டைப் பட்டனைக் கழற்றிவிட்டு என் தலையணையில் படுத்தார். நான் பக்கத்தில் நின்று அவர் கையைப் பிடித்துக்கொண்டு பெட்டியின் பட்டனை அமுக்கினேன். விளக்குகள் ஒவ்வொன்றாக எரிந்தன. எல்லாம் பச்சை ஆனது.

"போயிடுச்சா?"

"போயிடுச்சு. ஏதாவது இருந்தா போன் வரும்."

போனைக் கையிலேயே வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அது அடிக்கவில்லை. அடிக்காமல் போன ஒவ்வொரு நிமிஷமும் எனக்கு ஆறுதலாக இருந்தது. கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது. முதல் தடவையாக ஆர்ப்பாட்டம் செய்யாமல் ஒரு காரியத்தை முடித்துவிட்டேன் என்று நினைத்தேன். சாயந்திரம் மறுநாள் கொடுக்க வேண்டிய பிளவுஸுக்கு ஹூக் வைத்தேன். இவர் கஞ்சி வேண்டாம் என்றார். படுத்தால் அழுத்துகிறது என்று இரவெல்லாம் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். "நிஜமா முடியுதா?" என்று கேட்டேன். "உன் போன் அடிக்கலையே, அப்புறம் என்ன?" என்றார். நான் பெட்டியை நம்பினேன். அவர் என்னை நம்பினார்.

திங்கள் காலை, பால் காய்ச்சிக்கொண்டிருந்தபோது போன் வந்தது. தீபா.

"அம்மா, ஏனாயித்து? நேத்து மத்தியானம் அனுப்பியிருக்கீங்க. உங்க கருவியில ஒண்ணும் தப்பு இல்ல. ஆனா துடிப்பு ரொம்ப வேகமா இருக்கு. என்ன பண்ணிட்டு இருந்தீங்க?"

"அது என்னோடது இல்லம்மா. எங்க வீட்டுக்காரரோடது. நெஞ்சு வலின்னாரு, என் இடத்துல படுக்க வெச்சு அனுப்பினேன். வேகம்தான் ஜாஸ்தியா? வேற ஒண்ணும் இல்லையே?"

பால் பொங்கி வந்தது, அடுப்பை அணைத்தேன்.

"அம்மா, அது அவரோடது இல்ல. அந்தப் பெட்டி உங்க உள்ள இருக்கிற கருவியை மட்டும்தான் கேட்கும். நீங்க பக்கத்துல நின்னீங்கல்ல, அது உங்க இதயம். அங்கிள் இப்ப எங்க?"

"உக்காந்திருக்காரு."

"வலி இருக்கா?"

திரும்பிப் பார்த்தேன். சுவரில் சாய்ந்தபடி, கையை நெஞ்சிலேயே வைத்திருந்தார். உதடு வெளுத்திருந்தது.

"இருக்கு."

"நடக்க விடாதீங்க. ஆம்புலன்ஸ் கூப்பிடுங்க. நான் கீழே எமர்ஜென்சியில சொல்லி வைக்கிறேன். ஈவாகலே, இப்பவே வாங்கம்மா."

எமர்ஜென்சியில் இ.சி.ஜி. எடுத்த உடனே நாலைந்து பேர் அவரைச் சூழ்ந்துகொண்டார்கள். எனக்கு எத்தனையோ தடவை இ.சி.ஜி. எடுத்திருக்கிறார்கள், ஒருவரும் இப்படி ஓடி வந்ததில்லை. இளம் டாக்டர் ஒருவர் கேட்டார்.

"வலி எப்போ ஆரம்பிச்சது?"

"நேத்து மத்தியானம், சாப்பிட்டதும்" என்றார் இவர்.

"நேத்தே ஏன் வரல?" டாக்டர் என்னைப் பார்த்துத்தான் கேட்டார்.

நான் வாயைத் திறக்குமுன் இவர் சொன்னார். "இவ கூப்பிட்டா டாக்டர். நான்தான் கேஸுன்னு அடம் புடிச்சேன்."

அவ்வளவு வலியிலும் அதைச் சொல்வதற்கு மூச்சைச் சேர்த்து வைத்திருக்கிறார். நான் மறுக்கவில்லை. தலையைக் குனிந்துகொண்டேன். டாக்டர் அதை அழுகை என்று நினைத்து, "பரவாயில்லம்மா, பார்த்துக்கலாம்" என்றார்.

கை வழியாக ஒரு மெல்லிய குழாயை விட்டு, இதயத்துக்கு ரத்தம் கொண்டுபோகிற குழாய்களைப் படம் பிடிப்பதை ஆஞ்சியோ என்கிறார்கள். ஒரு குழாய் முழுக்க அடைத்திருந்தது. பேனா ஸ்பிரிங் போன்ற ஸ்டென்ட்டை வைத்துத் திறந்தார்கள். நான் வெளியே இரும்பு நாற்காலியில் இருந்தேன். எதிரில் இருந்த கண்ணாடிக் கதவில் என் முகம் தெரிந்தது. வேறு பக்கம் திரும்பி உட்கார்ந்தேன்.

டேனியல் ஓடி வந்தான். உள்ளே போய் அப்பாவைப் பார்த்துவிட்டு, இட்லிப் பொட்டலத்தோடு வந்து என் பக்கத்தில் உட்கார்ந்து, பிரித்து மடியில் வைத்தான். சின்ன வயதில் நான் அவனுக்குச் செய்தது போலச் சட்னியைத் தனியாக ஓரத்தில் ஒதுக்கி வைத்தான்.

"அப்பா சொன்னாரு. நேத்தே நீ கூப்பிட்டியாமே. அவர்தான் வரலையாம்."

நான் இட்லியைப் பிட்டுக்கொண்டிருந்தேன்.

"நீ சரியாத்தாம்மா இருந்திருக்க. நான்தான் கிண்டல் பண்ணிப் பண்ணி... சாரிம்மா."

அந்த இட்லியைத் தின்றேன். என் பிள்ளை என்னிடம் மன்னிப்புக் கேட்கிறான், அதை வாங்கிக்கொண்டு இட்லியும் தின்றேன். எனக்கு நடந்தவற்றிலேயே வெட்கக்கேடு எது என்று கேட்டால், பச்சை விளக்கைச் சொல்ல மாட்டேன். இந்த இட்லியைத்தான் சொல்வேன்.

மறுநாள் எக்கோ எடுத்தபோது, இதயத்தின் முன்சுவரில் ஒரு பகுதி அசையவில்லை என்று திரையில் காட்டினார்கள். மற்ற இடமெல்லாம் சுருங்கி விரிய, அந்த இடம் மட்டும் மரத்துப்போனது போல நின்றது. ரத்தம் போகாமல் அந்தச் சதை செத்துவிட்டது, நேரத்தோடு வந்திருந்தால் அதில் பெரும்பகுதியைக் காப்பாற்றியிருக்கலாம் என்றார் டாக்டர். மாத்திரை கொடுத்து மூன்று மாதம் கழித்துப் பார்ப்பார்களாம். அப்போதும் இதயம் தள்ளுகிற அளவு ஏறாவிட்டால், இவருக்கும் என்னுடையதைப் போல ஒரு கருவி வைக்க வேண்டியிருக்குமாம். அதைக் கேட்டதும் இவர், "அப்ப கட்டில் பக்கத்துல இன்னொரு பிளக் பாயின்ட் போடணும்" என்றார். நர்ஸ் சிரித்தாள். எனக்குச் சிரிக்க வரவில்லை.

தீபா தன் மாடியிலிருந்து இறங்கி வந்து எங்களைப் பார்த்தாள். வராந்தாவில் என்னிடம் சொன்னாள், "வேற யாருக்கும் இது வேலை செய்யாதுன்னு நான் சொல்லியிருக்கணும்மா. யாரும் இப்படிச் செய்வாங்கன்னு தோணவே இல்ல. அந்த கிராஃபைப் பார்த்தப்ப நீங்க மாடிப்படி ஏறி ஓடினீங்களோன்னு நெனச்சேன்."

அன்றைக்கு நான் நின்ற இடத்தைவிட்டு நகரவே இல்லை. பயத்தில் என் இதயம் ஓடிய ஓட்டம் அது. அந்தப் பெட்டி அனுப்பியது என் பயத்தை மட்டும்தான்.

அவளிடம் ஒன்று கேட்டேன். பெட்டி இருக்கட்டும், ஆனால் நான் பழையபடி நேரிலும் வரலாமா? "வாங்கம்மா, ஆறு மாசத்துக்கு ஒரு தடவை வாங்க. ஆனா கருவியைப் பார்க்கறதுக்குப் பெட்டியே போதும்" என்றாள். எனக்கும் தெரியும். கருவியைப் பார்க்கப் பெட்டி போதும். ஆனால் நான் நேரில் போன நாட்களில் இவரும் கூட வந்தார், வடை தின்றார், சும்மா உட்கார்ந்திருந்தவர் கையை யாரோ நீட்டச் சொன்னார்கள். பெட்டி வந்த பிறகு இவர் ஆஸ்பத்திரி வாசலையே மிதிக்கவில்லை. பி.பி. மாத்திரை தீர்ந்ததும் நிறுத்தியிருக்கிறார், அதுவும் எனக்குத் தெரியாது. என் இதயத்தைத் தினமும் ஒருவர் பார்த்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் படுத்திருந்தவர் முகத்தை நானே பார்க்கவில்லை.

வீட்டுக்கு வந்த பிறகு ஜெபிக்க வந்தவர்களிடம் இவர் அதே பொய்யைச் சொன்னார். அதோடு தீபாவின் போனும் பெட்டியும் சேர்ந்து, கதை வாய்க்கு வாய் மாறியது. கடைசியில், ரோஸி வீட்டுப் பெட்டி சாமுவேல் அண்ணனுக்கு வந்த அட்டாக்கைக் கண்டுபிடித்து ஆஸ்பத்திரிக்குச் சொல்லிவிட்டது, கர்த்தர் பெட்டி வழியாகக் காப்பாற்றினார் என்று ஆனது. பாஸ்டர் ஜெபத்திலேயே சொல்லிவிட்டார். நான் ஆமென் சொல்லவும் இல்லை, மறுக்கவும் இல்லை.

போன வாரம் மத்தியானம் அடுத்த தெரு ஸ்டெல்லா கதவைத் தட்டினாள். கூட அவள் மாமனார். கே.ஜி.எஃப். தங்கச் சுரங்கத்தில் வேலை பார்த்த மனிதர், யாரையும் பிடித்து நடக்காதவர், அன்று மருமகள் தோளில் கை போட்டிருந்தார்.

"அக்கா, மாமாவுக்குக் காலையிலேர்ந்து நெஞ்சுல ஒரு மாதிரி இருக்காம். ஆஸ்பத்திரின்னா வரமாட்டேங்கறாரு. உங்க பெட்டி பக்கத்துல கொஞ்ச நேரம் படுக்க வெச்சு அனுப்பிடலாமா?"

பெரியவர் செருப்பைக்கூடக் கழற்றிவிட்டார். "எங்கம்மா படுக்கணும்?" என்று கேட்டுக்கொண்டே உள்ளறையைப் பார்த்தார்.

இவர் நாற்காலியில் உட்கார்ந்து என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஸ்டெல்லா, அந்தப் பெட்டி என்னை மட்டும்தான் பார்க்கும். வேற யாரையும் பார்க்காது. இவரையும் பார்க்கல."

"என்னக்கா சொல்றீங்க? பாஸ்டரே சொன்னாரே."

"நான் கூப்பிட்டும் வரலைன்னு இவர் எல்லார்கிட்டயும் சொன்னது பொய். போலாமான்னு ஒரு வார்த்தை கேட்டேன், அதோட சரி. சிரிப்பாங்கன்னு பயந்து இவரை அதுல படுக்க வெச்சேன். பச்சை விளக்கைப் பார்த்துட்டு மறுநாள் வரைக்கும் சும்மா இருந்தேன். அதுல இவர் இதயத்துல பாதி போச்சு."

"பாதி இல்ல, கொஞ்சம்" என்றார் இவர் நாற்காலியிலிருந்து.

"மாமாவைச் செருப்பு போடச் சொல்லு. நான் ஆட்டோ பிடிக்கிறேன்."

எமர்ஜென்சியில் இ.சி.ஜி. எடுத்தார்கள், ரத்தம் எடுத்தார்கள், சாயந்திரம்வரை வைத்திருந்து மறுபடியும் எடுத்தார்கள். கடைசியில் டாக்டர் வந்து, இதயம் நன்றாக இருக்கிறது, அமிலம்தான் தொந்தரவு, மாத்திரை போதும் என்றார். பெரியவர் ஆட்டோவில் வரும் வழியெல்லாம் என்னைத் திட்டினார். "ரெண்டு ஏப்பம் விட்டா போயிருக்கும். இந்தம்மா ஊரைக் கூட்டிடுச்சு. பூமிக்குள்ள பாறை விழுந்தப்போகூட நான் ஸ்ட்ரெச்சர்ல படுத்ததில்ல." ஸ்டெல்லா எனக்காக வெட்கப்பட்டு வெளியே பார்த்துக்கொண்டு வந்தாள். எனக்கும் வெட்கமாகத்தான் இருந்தது. ஆனால் அந்த வெட்கத்தோடு ஆட்டோவில் நிமிர்ந்து உட்கார முடிந்தது.

வீட்டுக்கு வந்தபோது இவர் எனக்கும் சேர்த்து டீ போட்டு மூடி வைத்திருந்தார்.

"நான் ஒரு மாதிரி சொல்லி முடிச்சு வெச்சிருந்தேன். ஏன் போட்டு உடைச்ச?" என்றார். கோபம் இல்லை.

போனை எடுத்தேன்.

"யாருக்கு?"

"டேனியலுக்கு."

"விடு ரோஸி. அவன் நல்லபடியா நெனச்சிட்டு இருக்கான். இருந்துட்டுப் போகட்டும்."

நான் அமுக்கிவிட்டேன். மணி அடித்தது. என் பெயரைப் பார்த்தாலே அவனுக்குப் பதற்றம், இப்போது இன்னும் அதிகம். எடுத்ததும் மூச்சு வாங்கக் கேட்டான்.

"என்னம்மா, என்ன ஆச்சு? அப்பாவுக்கா, உனக்கா?"

"யாருக்கும் ஒண்ணும் ஆகல" என்றேன். "கொஞ்சம் உக்காந்து கேளு. அன்னிக்கு நீ இட்லி வாங்கிட்டு வந்தியே, அதைப் பத்திச் சொல்லணும்."